ஓடாத பூச்சிகள்

அன்றைக்குப் பூச்சிகள் ஓடவே இல்லை. தனபாக்கியம் டீச்சருக்கு முதலில் பிடித்துப்போனதே அதுதான். போன வாரம் இதே பிள்ளைகளைப் பால்வாடிக்குப் பின்னாலிருக்கும் புறம்போக்குக்குக் கூட்டிப்போய், ஒரு வெட்டுக்கிளியைக்கூடப் பிடித்துக் காட்ட முடியாமல், நாற்பத்தேழு வயதில் முட்டி வலியோடு தவ்வித் தவ்வி, கடைசியில் மகிழன் என்கிற நாலு வயது வாண்டு, டீச்சரே வெட்டுக்கிளி மாரி இருக்காங்க என்று சொல்லி எல்லாரும் சிரித்து, மானம் போனதுதான் மிச்சம். இன்றைக்கு அப்படியில்லை. மருதமுத்துவின் பருத்திக் காட்டு வரப்பில் கால் வைத்ததுமே, செடியடியில் தட்டான்கள் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தன. கை நீட்டினால் கைக்குள் வந்தன. இலையை ஆட்டினால் பொறிவண்டுகள் மணிமணியாக உதிர்ந்தன. இந்த மாதம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டியது பூச்சிகளைப் பற்றி. சுவரில் படம் காட்டினால் செல்லாது, வெளியே கூட்டிப்போங்கள், தொட்டுப் பார்க்கட்டும், போட்டோ அனுப்புங்கள் என்று சூப்பர்வைசர் அம்மா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பது பிள்ளைகளுக்கும் ஒன்பது தீப்பெட்டிகள். பூச்சி மூச்சு விடுவதற்கு முந்தின நாளே உட்கார்ந்து குண்டூசியால் ஓட்டை போட்டு வைத்தவள் அவள்தான். இறக்கையைக் கசக்கக் கூடாது, ரெண்டு விரலால் எடுக்கணும், அதுக்கும் வலிக்கும் இல்லையா என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். இலையெல்லாம் ஈரமாக இருந்தது. பிள்ளைகளுக்கு முழங்கை வரை நனைந்துவிட்டது. பனி என்று நினைத்தாள், பனித்துளி பாருங்க பாப்பா, தொட்டுப் பாருங்க என்றுகூடச் சொன்னாள். காட்டு மூலையில் குச்சி நட்டு ஒரு வேப்பங்கொத்து கட்டியிருந்தது. ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி மூன்று நாள், தெருவுக்குத் தெரு வேப்பிலைத் தோரணம். மருதமுத்து காட்டுக்கும் காப்புக் கட்டிவிட்டார் போலிருக்கிறது, பக்தியான மனுஷன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளைகளையும் போட்டுக்கொள்ளச் சொன்னாள். உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை.

திரும்பும்போதுதான் ஒன்று இடறியது. பிடித்த பூச்சியை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும், அதோட அம்மா தேடும் என்று சொல்லியிருந்தாள். பிள்ளைகள் வரப்பில் வரிசையாகக் குந்தித் தீப்பெட்டிகளைத் திறந்தார்கள். ஒன்றும் பறக்கவில்லை. ஒரு தட்டான் மட்டும் ஒரு பக்கத்து இறக்கையை அடித்து அடித்து இருந்த இடத்திலேயே சுற்றியது. மற்றவையெல்லாம் கொட்டிய இடத்தில் கிடந்தன. தூங்குதா டீச்சர் என்று கேட்டாள் அனன்யா. ஆமாம், தூங்குது, சத்தம் போடாமல் வாங்க என்று சொல்லிக் கயிற்றை எடுத்து நீட்டினாள். ஒன்பது முடிச்சுப் போட்ட கயிறு. பிள்ளைக்கொரு முடிச்சு, முன்நுனி அவள் கையில், பின்நுனி வழக்கமாக ஆயா சின்னப்பொண்ணு கையில். சின்னப்பொண்ணு திருவிழாவுக்கென்று லீவு போட்டிருந்தாள். பின்நுனி தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. பால்வாடிக்குப் போய்ச்சேர எப்படியும் கால் மணி நேரம் நடக்கவேண்டும். தூங்குது என்று ஏன் சொன்னோம் என்று யோசித்தாள். பூச்சி பகலில் தூங்குமா. சில பூச்சி தூங்கும். விட்டில் தூங்கும். தட்டான் தூங்காது. வெயிலில் அசந்திருக்கும். வெயில் என்றால் பனி ஏது? பங்குனி மாதம், பத்து மணிக்கு, பனி எங்கிருந்து வரும்? தண்ணீர் பாய்ச்சியிருப்பார்கள். தண்ணீர் பாய்ச்சினால் வேர் நனையும், இலைக்கு மேலே நனையுமா? போனில் டிங் என்று சத்தம். காட்டிலிருந்து அனுப்பிய போட்டோவுக்குச் சூப்பர்வைசர் அம்மா கைதட்டும் பொம்மை நாலு போட்டு, மிக அருமை, கையில் பிடித்திருக்கும் படம் இன்னும் இரண்டு அனுப்பவும் என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. பெரிய இடத்திலிருந்து அருமை என்று வந்துவிட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற புத்தி அவளுக்கு எப்போதும் உண்டு. கடைசி முடிச்சில் பூமிகா வந்துகொண்டிருந்தாள். மூன்றரை வயது. இடது கையில் முடிச்சு. வலது கையை மூடி மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் நன்றாக இழுத்து முகர்ந்து, தானாகச் சிரித்துக்கொண்டாள். இந்த நாலு மாதமாகச் சிரிக்காத பிள்ளை. அப்பன் தங்கராசு திருப்பூருக்குப் போனதிலிருந்து மூலையில் உட்கார்ந்து சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த பிள்ளை. பூச்சி பார்த்ததில் அவளுக்கே மனசு மாறியிருக்கிறது என்று தனபாக்கியம் மகிழ்ந்துபோனாள். அப்படி என்ன முகருகிறாள்? பருத்திப்பூ ஏதாவது பறித்திருப்பாள். பருத்திப்பூவுக்கு வாசம் உண்டா? தெரியவில்லை. உண்டென்றாலும் இல்லையென்றாலும் தனபாக்கியத்துக்கு இப்போது எல்லாம் ஒன்றுதான்.

ஊரெல்லாம் முகமூடி கட்டிக்கொண்டு திரிந்த வருஷத்துக் காய்ச்சலில் போன வாசம் திரும்பி வரவில்லை. முதலில் காபி வெந்நீரானது, அப்புறம் மல்லிகைப்பூ வெறும் வெள்ளையானது. ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகைந்தபோது, பக்கத்திலேயே அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துப் புருஷன் கேட்டான், உனக்கென்ன மூக்கு அடைச்சிருக்கா என்று. ஆமாம், ஜலதோஷம் என்றாள். மூன்று வருஷமாக அவளுக்கு ஜலதோஷம். பால்வாடியில் முட்டை வந்தால், நீ ஒருதரம் பாத்துக்க என்று சின்னப்பொண்ணு பக்கம் தள்ளிவிடுவாள். மற்றவர்களாயிருந்தால் டாக்டரிடம் போயிருப்பார்கள். அவள் போகவில்லை. ஏனென்றால் உள்ளுக்குள் அவளுக்கு அது சந்தோஷம். யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம். தம்பி கொளஞ்சிநாதன் பைக் கேட்டு அப்பாவோடு மல்லுக்கட்டி, பருத்திக்கு வாங்கி வைத்திருந்த மருந்தைக் குடித்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது. தலையை மடியில் வைத்திருந்தவள் அவள்தான். வாயோரம் எச்சில் நூல்நூலாக ஒழுகியது, உடம்பு மழையில் நனைந்ததுபோல வேர்த்தது, அந்த வாசம் அவளுடைய பாவாடையில், கையில், தலைமயிரில் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பருத்திப் பட்டத்திலும் காற்று திரும்பினால் போதும், சோறு இறங்காது. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தும் விடவில்லை. ஒரு திருவிழாவில் அம்மன் முன்னால் நின்று, எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தாயே, இந்த வாசத்த மட்டும் எடுத்துடு என்று கேட்டுக்கொண்டாள். எடுத்துவிட்டாள். அம்மன் மொத்தமாக எடுத்துவிட்டாள். அதனால்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த ஊர்ப் பால்வாடிக்கு மாற்றல் வந்தபோதும், சுற்றிலும் பருத்தியாயிற்றே என்று அவள் பயப்படவில்லை. பயப்படாமல் இருந்தது எவ்வளவு சுகமாக இருந்தது. இந்த எட்டு மாதமும் பருத்திக் காட்டோரம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். அவளுடைய ஊரில் மருந்தடித்த காட்டு மூலையில் காலி மருந்து டப்பாவைக் குச்சியில் கவிழ்த்து வைப்பார்கள். தூரத்திலிருந்தே தெரியும், சுற்றிக்கொண்டு போய்விடலாம். இங்கே அப்படி டப்பா எதையும் அவள் பார்த்ததில்லை. இந்த ஊர்க்காரர்கள் அதிகம் மருந்தடிக்க மாட்டார்கள் போல என்றுதான் நினைத்திருந்தாள்.

எதிரே அலமேலு ஆடு ஓட்டிக்கொண்டு வந்தாள். ஏழெட்டு ஆடுகள், கையில் தொரட்டி. பிள்ளைகள் கயிற்றை விட்டுவிடாமல் பாதையோரம் ஒதுங்கி நின்றார்கள். எங்கே போயிட்டு வர்றீங்க என்று அலமேலு கேட்க, மருதமுத்து காட்டுக்கு, பூச்சி பார்க்க என்று டீச்சர் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது குரலில். அலமேலு நின்றுவிட்டாள். பிள்ளைகளை ஒருதரம், டீச்சரை ஒருதரம் பார்த்தாள்.

"அடையாளத்துக்கு வேப்பங்கொத்து கட்டியிருக்குமே டீச்சர், பாக்கலியா? காலயில ஒம்பது மணி வரைக்கும் மருந்தடிச்ச காடு. நான் ஆட்டயே அந்தப் பக்கம் விட மாட்டன்."

அப்புறமும் அலமேலு என்னவோ சொன்னாள்; நாத்தம் கொடல பொரட்டுமே, அதுக்குள்ள எப்படிப் போனீங்க என்பதுபோல. தனபாக்கியம் தலையை ஆட்டினாள். நாங்க உள்ளே எறங்கல, வரப்போட வந்துட்டோம் என்றாள். வாய் தானாகச் சொன்னது. அலமேலு நம்பினாளோ இல்லையோ, ஆடுகள் முன்னால் போய்விட, அவற்றின் பின்னால் ஓடினாள். கயிறு திரும்ப நகர்ந்தது. வரப்போட வந்துட்டோம். அப்படித்தான் வந்தோமா? கொஞ்சம் உள்ளே. நாலு பாத்தி. ஐந்து பாத்தி. இலை ஈரம். பனி என்று சொன்னேன். தொட்டுப் பாருங்க என்று சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கச் சொன்னேன். ஈரக் கையால். ரெண்டு கன்னத்திலும். அம்மா தாயே. இல்லை, பயப்படாதே, இப்போதெல்லாம் வேப்பெண்ணெய்தான் அடிக்கிறார்களாம், இயற்கை மருந்தாம், அதனால்தான் வேப்பங்கொத்து. அப்படியும் இருக்கலாம். வேப்பெண்ணெய் என்றால் கொடலைப் புரட்டுகிற நாற்றம்தான் அடிக்கும். பிள்ளைகள் நன்றாகத்தானே நடக்கிறார்கள். மகிழன் பாடிக்கொண்டு வருகிறான். ரித்திக் கண்ணைக் கசக்குகிறான். அவன் எப்போதும் கசக்குவான். கண். கண்ணைப் பார்த்தால் தெரியும். கொளஞ்சியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்த டாக்டர், பாரு, ஊசி குத்துன மாதிரி சுருங்கிடுச்சு என்று நர்சிடம் சொன்னது அவளுக்கு இன்றைக்கும் கேட்கிறது. குனிந்து பூமிகாவின் முகத்தைத் தூக்கினாள். கருமணி சின்னதாகத்தான் இருந்தது. அனன்யாவுக்கும் சின்னது. மகிழனுக்கும் சின்னது. உச்சி வெயிலை நோக்கி ஏறுகிற பங்குனி வெயிலில் யார் கண்தான் சுருங்காது? நிழலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதோ அடிபம்பு, அதற்கு மேலே புங்கமரம், அங்கே போனதும் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்றால், கை கழுவிவிட்டு, பால்வாடிக்குப் போய்ச் சோறு போட்டுப் படுக்க வைத்துவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். தெரிந்தால் வேலை போகும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, இந்தப் பிள்ளைகளின் தாய்மார் வாசலில் வந்து நிற்பார்களே, உனக்கு மூக்கு இல்லையா என்று கேட்பார்களே, அதற்கு என்ன சொல்லுவது? முதலில் நிழலுக்குப் போவோம். அப்புறம் பார்ப்போம். அப்புறம். அன்றைக்கு அப்பாவும் இதைத்தான் சொன்னார். முதல்ல மோரைக் குடிக்க வைப்போம், புளித்தண்ணி குடுப்போம், அப்புறம் பாக்கலாம், ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும், நீ வாசல்ல நில்லு பாக்கியம், யாரு வந்தாலும் அவனுக்கு வயித்துவலின்னு சொல்லு. அவள் நின்றாள். மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரிடமும் வயித்துவலி என்று சொன்னாள். மூன்றாவது வந்தவரிடம் டிராக்டர் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அதே டிராக்டரில்தான் கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா என்று டாக்டர் ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார். பாதியில் நின்ற அந்தப் பேச்சு இருபத்து மூன்று வருஷமாக அவளுக்குள் நின்றுகொண்டிருக்கிறது. வரப்போட வந்துட்டோம். இதோ, நாலாவது ஆளிடமும் சொல்லியாயிற்று.

புங்கமரத்து நிழலுக்கு வந்ததும் கயிற்றைக் கீழே போட்டாள். ஒவ்வொரு முகமாகத் தூக்கி, தன் கையால் வெயிலை மறைத்து, ஒன்று இரண்டு என்று பத்து வரை எண்ணிப் பார்த்தாள். மகிழனின் கருமணி நிழலில் மெல்ல விரிந்தது. அனன்யாவுடையது விரிந்தது. ரித்திக்குக்குக் கண் கலங்கிச் சிவந்திருந்தது, ஆனாலும் விரிந்தது. எட்டுப் பேருக்கும் விரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது, தாயே தாயே என்று சொல்லிக்கொண்டே பூமிகாவின் முகத்தைத் தூக்கினாள். பத்து வரை எண்ணினாள். இன்னொரு பத்து. கடுகளவு கருப்பு அப்படியே இருந்தது. நெற்றியில் வேர்வை, சட்டைக் கழுத்து நனைந்து ஒட்டியிருந்தது, உதட்டோரம் எச்சில் நூலாக இறங்கியது. பிள்ளை சிரித்தபடியே மூடிய கையை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். தனபாக்கியம் அந்தக் கையைப் பிடித்துத் தன் மூக்கோடு அழுத்தி இழுத்தாள். ஒன்றுமில்லை. காற்றுதான். இந்த மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு அந்த வாசம் வேண்டும்போல இருந்தது.

"பூமிக்குட்டி, கையில என்ன வாசம் அடிக்குது?"

"அப்பா வாசம்" என்றாள் பூமிகா. "வேலைக்குப் போயிட்டு வந்து தூக்குவாங்கல்ல, அந்தச் சட்ட வாசம்."

தங்கராசு திருப்பூர் போவதற்கு முன்னால் ஊரில் எல்லார் காட்டுக்கும் கூலிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவன். இது டீச்சருக்குத் தெரியும். பதிவேட்டில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் விவசாயக் கூலி என்று எழுதியதே அவள்தான். அதற்குமேல் மனசு சுற்றுவதற்கு இடமில்லாமல் போயிற்று. நூற்றெட்டுக்குப் போன் போட்டாள். ஒன்பது பிள்ளைகள், மருந்தடித்த பருத்திக் காட்டுக்குள்ளே நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், ஒரு பிள்ளைக்கு எச்சில் ஒழுகுகிறது, கருமணி விரியவில்லை என்று சொன்னாள். எந்த இடம் என்று கேட்டார்கள், சொன்னாள். வண்டி கிளம்பிவிட்டது, அரை மணி நேரத்துக்குள் வரும் என்றார்கள். துணியைக் கழற்றிவிட்டு உடம்பெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நீங்களும் கழுவிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்புறம் போனில் பேசிய பெண் கேட்டாள், என்ன மருந்து, பேர் தெரியுமா என்று. தெரியாது. வாசம் எப்படி இருக்கிறது, பூண்டு வாசம் மாதிரியா, மண்ணெண்ணெய் மாதிரியா? பிள்ளைகள் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் அலமேலு ஆட்டை விட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு வாசம் தெரியாதும்மா. மூணு வருசமா தெரியாது. யாருக்கும் சொல்லல. சொல்லியிருந்தா இந்தப் புள்ளைங்கள வேற யாராச்சும் கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

பைக்குள் சோப்பு இருந்தது. பூச்சி தொட்டபின் கை கழுவும் போட்டோவும் ஒன்று அனுப்பலாம் என்று கொண்டுவந்தது. அலமேலு வந்து பம்பை அடித்தாள். மருதமுத்துவிடம் மருந்து டப்பாவைக் கேட்டு வாங்கி வைக்க ஆளனுப்பச் சொன்னதும், ரோட்டில் சைக்கிளில் போனவரை நிறுத்திச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுபடி அடித்தாள். முதலில் பூமிகா. சட்டையை உருவிப் போட்டு, தலையிலிருந்து தண்ணீரை விட்டு, முகம், கழுத்து, கன்னம், திரும்பவும் கன்னம். வலது கையை மட்டும் பிள்ளை திறக்கவில்லை. தோளை ஒடுக்கி, கையை வயிற்றோடு வைத்துக்கொண்டு, வேணாம் டீச்சர் வேணாம் டீச்சர் என்று அழுதாள். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளே ஒரு பொறிவண்டு, நசுங்கி, பிசுபிசுவென்று. அதை வழித்தெறிந்துவிட்டுச் சோப்புப் போட்டாள், நக இடுக்கில், ரேகையில், மணிக்கட்டில். எவ்வளவு கழுவினால் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தாள். தெரியவில்லை. பம்பை விட்டு வந்து அடுத்த பிள்ளையைக் கழுவுகிற அலமேலுவைக் கூப்பிடலாம் என்று திரும்பினாள். அவள் மேலெல்லாம் மருந்துத் தண்ணீர், அவளுக்குமே இப்போது எல்லாம் ஒரே வாசமாகத்தான் இருக்கும். பூமிகாவிடமே கேட்டாள், மோந்து பாரு தங்கம், அப்பா வாசம் போயிருச்சா? பிள்ளை விசும்பிக்கொண்டே கையை முகர்ந்தாள். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். போயிருச்சு டீச்சர் என்றாள். தனபாக்கியம் சோப்பைக் கீழே வைத்துவிட்டு ரித்திக்கின் பக்கம் கையை நீட்டினாள். நீட்டியபடியே திரும்பிப் பார்த்தபோது, பூமிகா யாரும் பார்க்காதபடி அந்தப் பக்கம் திரும்பி நின்று, கையை மெதுவாக மூக்குக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி நன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். தனபாக்கியம் குனிந்து சோப்பை மறுபடி எடுத்தாள்.